பெட்டிக்கு வைத்த பொட்டு

இடுப்பு விட்டுப்போயிருந்தது மேகலாவுக்கு. காலையிலிருந்து ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கிடந்தது போதாதென்று, இப்போது அரியலூர் வரைக்கும் நின்றுகொண்டே போக வேண்டும். முதுகுத்தண்டின் அடியில் யாரோ ஆணி வைத்து அடிப்பது போல் இருந்தது. மத்தியானம் கொண்டுபோன எலுமிச்சை சாதம் டப்பாவில் பாதி அப்படியே இருந்தது. சாப்பிட உட்கார்ந்த போதெல்லாம் போன் அடித்தது.

வெளியே ஐப்பசி மழை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பிடித்த மழை, பஸ் கூடவே வந்துகொண்டிருந்தது. ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரத்துணி வாடையும் டீசல் வாடையும், யாரோ வைத்திருந்த மல்லிகை வாடையும்...

அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்து சீட்டில் ஒருத்தன் தூங்கினான். தூக்கமென்றால் அப்படியொரு தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. காலடியில் சுருட்டிய தார்ப்பாய் ஒன்று. அதை ஒரு காலால் அணைத்துக்கொண்டு, உலகத்தில் வேறு எதுவுமே வேண்டாம் என்பது போல் தூங்கினான்.

கொடுத்துவைத்தவன், என்று நினைத்தாள் மேகலா. சீட்டும் கிடைத்தது, தூக்கமும் கிடைத்தது. இரண்டில் ஒன்றாவது நமக்குக் கிடைத்திருக்கக் கூடாதா...

பேரளி தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் குதித்தது. அவள் கையிலிருந்த குடை சாய்ந்து, மடிப்புக்குள் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவன் கழுத்துக்குள் இறங்கியது.

கண்ணைத் திறந்தான். கத்தவில்லை. மேலே கூரையைப் பார்த்தான். பிறகு குடையைப் பார்த்தான். பிறகுதான் அவளை.

"ஏங்க... மழை வெளியதானே பெய்யிது?"

"தெரியாமப் பட்டுடுச்சுங்க."

"உங்களுக்குத் தெரியாது. எனக்கு உள்ள எறங்குறப்பவே தெரிஞ்சிடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவன் எழுந்து, சட்டைக் காலரைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினான். வேண்டாம் என்றாள். நாள் பூரா உட்கார்ந்தே கிடக்கிற உடம்பு, கொஞ்சம் நின்றால்தான் நல்லது என்றான் அவன்.

"அப்படி என்ன வேலைங்க?"

"ஒக்காந்துக்கிட்டே தூத்துக்குடி போயிட்டு வர வேலை."

அவள் உட்கார்ந்தாள். வாய் நன்றி சொல்வதற்கு முன்னால் இடுப்பு சொல்லிவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். தூக்கம் கெட்ட கண்கள். ஓரமெல்லாம் சிவந்து, இமைக்குக் கீழே கறுத்து... ஆனாலும் நடுவில் ஒரு குறும்பு மட்டும் தூங்காமல் விழித்திருந்தது. மேகலா சட்டென்று ஷட்டரைப் பார்க்கத் தொடங்கினாள். தகரத்தில் பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தாள்.

அப்போது போன் அடித்தது. கோவில்பட்டியில் நிற்கும் டிரைவர் ஒருவர். வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டாள். "அண்ணே, வண்டி நகருதா, நிக்குதா? ...டீ குடிக்கிறதுன்னா எத்தன டீ? ...நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் நமக்கு நேரம். அதுக்கு மேல ஒவ்வொரு நாளும் காசு. சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டுப் பார்த்தால், அவன் வாய் பிளந்து நின்றான்.

"மேகலா மேடம்ங்களா?"

"நீங்க...?"

"அருள்முருகன்ங்க. கறை கேஸு."

மேகலாவுக்குச் சுருக்கென்றது.

அவள் வேலை அது. பெரம்பலூர் பாலக்கரை அருகே ஒரு செல்போன் கடையின் மாடியில் சின்ன ஆபீஸ். நடத்துகிறவர் காசிநாதன். ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை கப்பலில் கன்டெய்னர் கன்டெய்னராகத் தூத்துக்குடிக்கு வரும். அங்கிருந்து ட்ரெய்லரில் ஏற்றி, ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி பேக்டரிகளுக்குக் கொண்டுவருவார்கள். கன்டெய்னர் கப்பல் கம்பெனியுடைய சொத்து. அவர்கள் சில நாள் சும்மா தருவார்கள். அதற்குள் கொட்டையை இறக்கிவிட்டு, காலிப் பெட்டியைத் தூத்துக்குடியில் இருக்கும் அவர்கள் யார்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று தாமதக் கட்டணம். எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது, எந்தப் பெட்டிக்கு நாள் முடிகிறது, தாமதமானால் யார் தலையில் எழுதுவது... இதைப் பார்ப்பதுதான் மேகலா. டிரைவர்களுக்கு அவள் ஒரு குரல். அவளுக்கு அவர்கள் சில வண்டி நம்பர்கள். முகம் யாருக்கும் தெரியாது.

பஸ் இரைச்சலில் அவன் குரல் பிடிபடவில்லை. ஆனால் இந்த வண்டி நம்பர் மட்டும் நன்றாகவே நினைவில் இருந்தது. ஆயுதபூஜை முடிந்து இவன் கொண்டுபோன காலிப் பெட்டியை யார்டில் எடுக்கவில்லை. உள்ளே சுவரெல்லாம் சிவப்புக் கறை, எண்ணெய்ப் பிசுக்கு, தரைப் பலகையிலும் ஊறியிருக்கிறது, கழுவிக் காயவைத்துக் கொண்டுவா என்று திருப்பிவிட்டார்கள். கழுவியாயிற்று. மழையில் காயவில்லை. நாள் தாண்டிவிட்டது. கழுவிய கூலி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய். கறை எப்படி வந்தது என்று போனில் திரும்பத் திரும்பக் கேட்டாள். நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. டிரைவர் கணக்கு என்று அவள்தான் எழுதினாள். இந்த மாதம் அவன் பேட்டாவில் பிடித்துவிட்டார்கள்.

"இவ்ளோ சின்னப் பொண்ணா இருப்பீங்கன்னு நினைக்கல மேடம்," என்றான் அவன். "குரலக் கேட்டா, நாப்பது வயசு டீச்சர், கையில பெரம்போட நிக்கிற மாதிரி இருக்கும்."

"வாய் நல்லா பேசுதே. கறை எப்படி வந்துச்சுன்னு கேட்டப்ப மட்டும் ஏன் பேசல?"

அவன் சிரிப்பு நின்றது. "அதான் சொன்னேனே. நான் கவனிக்கல."

"அது பதிலா? சாக்கு."

"சாக்குதான். காசு பிடிச்சாச்சு இல்ல மேடம்... சாக்குக்கும் சேத்து பிடிச்சிக்குங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேகலாவும் தகரத்தைப் பார்த்தாள். தப்பு அவன் மேல். கோபம் மட்டும் எப்படி அவனுக்கு வருகிறது? நன்றாக இருக்கிறது நியாயம்...

கொஞ்ச நேரத்தில் அவன் போன் அடித்தது. அவன் அம்மா போலிருக்கிறது. பஸ் இரைச்சலில் அவன் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. தார்ப்பாய் எடுத்துட்டு வரேன்மா, இன்னிக்கு ராத்திரிக்கு அதக் கட்டிடலாம். கூரைக்கு ஷீட்டு அடுத்த மாசம் பாப்போம்... இந்த மாசம் கொஞ்சம் இடிச்சிக்கிச்சு...

எது இடித்தது என்று மேகலாவுக்குத் தெரியும். எழுதியது அவள் கைதானே. அவளுக்கு அந்தச் சீட்டு குத்தியது.

அரியலூர் வந்தது. அவன் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, திருமழபாடி பஸ் நிற்கும் பக்கம் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் இறங்குவதற்கு முன்னால், கம்பியில் மாட்டியிருந்த அவள் சாப்பாட்டுப் பையை எடுத்து, அவள் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

கல்லங்குறிச்சியில் வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா மலர்க்கொடி அடுப்படியில் உட்கார்ந்து கையில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேகலா ஆபீஸ் லோடு போகிற பேக்டரி ஒன்றில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கை. தோட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுப் பட்டு, விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்துபோயிருந்தது. ரேஷன் கடை மெஷின் அந்த விரலை எடுப்பதில்லை. ரேகை இருந்தால்தானே எடுக்கும்? மேகலாவின் அப்பா போனதிலிருந்து, அவள் படித்த டிகிரி வரைக்கும், எல்லாவற்றையும் உடைத்துக் கொடுத்தது அந்த விரல்கள்தான்.

மேகலா சோற்றைப் போட்டுக்கொண்டே பஸ்ஸில் நடந்ததைச் சொன்னாள். குடை, கழுத்து, தூத்துக்குடி, எல்லாம். கறை வந்த கதையைச் சொல்லத் துப்பில்லாமல் கோபம் வேறு என்று முடித்தாள். எந்த டிரைவர் என்று கேட்டாள் அம்மா. சொன்னாள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது.

"அந்தத் தம்பியா? தங்கமான புள்ளையாச்சேடி. அது கறை இல்ல. நாங்கதான் பெட்டிக்குள்ள பொட்டு வெச்சோம்."

மேகலாவின் கை தட்டிலேயே நின்றது.

ஆயுதபூஜை அன்று நடந்ததை அம்மா ஆசையாகச் சொன்னாள். உள்ளூர்க் கொட்டை சித்திரை, வைகாசியோடு முடிந்துவிட்டது. ஆவணி முழுக்கப் பேக்டரி மூடிக் கிடந்தது. பெண்களுக்கு வேலையில்லை, கூலியில்லை. அப்புறம் கப்பல் கொட்டை வந்துதான் மெஷின் ஓடியது. பூஜை அன்றைக்கு இறக்கி முடித்த பெட்டி முற்றத்தில் நின்றது. தராசுக்குப் பொட்டு வைத்தாயிற்று. உடைக்கிற மெஷினுக்கு, கூடைக்கு, துடைப்பத்துக்கும்கூட வைத்தாயிற்று. சோறு கொண்டுவந்த பெட்டியை மட்டும் விடலாமா? மலர்க்கொடிதான் முதலில் ஏறினாள். கடைச் சுவரில் வைக்கிற மாதிரி நாலு பக்கமும் விபூதிப் பட்டை, சந்தனம். குங்குமம் உதிராமல் நிற்க வேண்டுமென்று நல்லெண்ணெயில் குழைத்து, பெரிசு பெரிசாக. கூட வேலை பார்க்கும் பெரியம்மாள் பூசணிக்காயை உள்ளேயே சுற்றி உள்ளேயே உடைத்தாள்.

"அந்தத் தம்பி பாத்துக்கிட்டே நின்னுச்சு. அத்த, இது கப்பக்காரன் பெட்டி, நம்மது இல்லன்னு சொல்லிச்சு. ஒரு நாளாச்சும் நம்ம பெட்டியா இருந்துட்டுப் போவட்டுமேன்னேன். அப்படின்னா என் வண்டி கண்ணாடிக்கும் ஒண்ணு வையிங்கத்தன்னுச்சு."

மழை ஓட்டின் மேல் பெய்துகொண்டே இருந்தது. காசு பிடித்த விஷயம் அம்மாவுக்குத் தெரியாது. இப்போது சொல்லவும் வாய் வரவில்லை. திருமழபாடியில் ஒரு கூரை மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருப்பான் இந்நேரம்...

மறுநாள் ஆபீசில் காசிநாதனிடம் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தாள். அந்தக் கறை ஒருவேளை பேக்டரி ஆட்களால் வந்திருந்தால்? அவர் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். அப்படியென்றால் பில்லைப் பேக்டரிக்குப் போட வேண்டியதுதான், முதலாளி உடைக்கிற பொம்பளைங்க கூலியில் பிடித்துக்கொள்வார், நமக்கென்ன.

மேகலா வாயை மூடிக்கொண்டாள். மூடிய அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது... அவனும் இப்படித்தான் மூடிக்கொண்டிருக்கிறான்.

அவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதாக மெசேஜ் வந்தது. நாலு மாதமாக ஒரு ரிங்கில் எடுத்தவன். காலையில் ஆபீசுக்கு வந்ததும் முதல் போன் அவனுக்குத்தான் என்பதையும், அது வெறும் வேலையாக இல்லை என்பதையும், இப்போது அவன் எடுக்காத போதுதான் கண்டுபிடித்தாள். என்ன பெண்ணோ... என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

திட்டிக்கொண்டே அந்தப் பெட்டி போய் வந்த தேதிகளை எடுத்துப் பார்த்தாள். பார்த்ததும் இன்னொரு திட்டு. நாள் முடிகிற அந்தக் கடைசி நாள் விஜயதசமி. யார்டே பூட்டிக் கிடந்திருக்கிறது. அவன் வண்டி வாசலில்தான் நின்றிருக்கிறது. பூட்டிய வாசலுக்கு எப்படிக் காசு கேட்பார்கள்? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கோபத்தில் கணக்கை எழுதிவிட்டு, கேள்வியை விட்டுவிட்டாள். அவன் கவனிக்கவில்லை என்றான், பொய். கவனிக்காதது அவள்தான்.

கப்பல் கம்பெனியின் பம்பாய் ஆபீசுக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். போன் போட்டு, தெரிந்த இந்தியில் பாதியும் தெரியாத இந்தியில் பாதியுமாகச் சண்டை போட்டாள். கடைசியில் ஒரு நாள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். மூவாயிரத்து இருநூறு ரூபாய் அவன் கணக்குக்குத் திரும்பிப் போனது. மீதிக்கு அவர்கள் மசியவில்லை. கறை கறைதான், அதற்குப் பெட்டியின் சொந்தக்காரன் ஏன் அழ வேண்டும்?

மீதி ஆறாயிரம். மேகலாவின் சம்பளத்தில் பாதி. போனிலேயே அவனுக்கு அனுப்பினாள். அனுப்பிய சூட்டில் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி வந்தது, கூடவே ஒரு வரி. "மேடம், இது தப்பான நம்பர்." மூன்றாம் தடவை அனுப்பினாள். அதுவும் திரும்பியது. "டிரைவருக்குப் பிச்சை போடுற ஸ்கீம் உங்க ஆபீசுல இருக்கா?"

அந்த வரி சுட்டது. பிச்சை என்றா நினைத்தான்? எப்படிச் சொல்வது... யார் பொட்டு வைத்தார்கள் என்று போனில் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை அவன் வண்டி பேக்டரிக்கு வருகிற நாள். மேகலா அரை நாள் லீவு எடுத்தாள். காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அழவில்லை. கொஞ்ச நேரம் தன் கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாளிடம் சொல்லி ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றாள். மேகலாதான் தடுத்தாள். பேச்சு கிளம்பினால் முதலாளி காதுக்குப் போகும், போனால் அவன் வாயை மூடியதெல்லாம் வீண்.

ஜெயங்கொண்டம் ரோட்டில் வி.கைகாட்டி தாண்டி இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பேக்டரிக்குள் நுழைந்தாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வேப்பமரம் மட்டும் தன் பங்குக்குத் தனியாகப் பெய்துகொண்டிருந்தது. ஷெட்டில் கொட்டை உடைக்கிற சத்தம், டக் டக்கென்று. பெரியம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்து, என்னடி மலரு, உம்மவ பெட்டி எண்ண இங்கயே வந்துட்டாளா, என்றாள். ஷெட்டே சிரித்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு உடைத்தாள்.

முற்றத்தில் ட்ரெய்லர். மேலே பெட்டி, கதவு திறந்து கிடந்தது. லோடுமேன்கள் கடைசி மூட்டையை இறக்கிவிட்டு டீக்குப் போயிருந்தார்கள். உள்ளே அவன் துடைப்பத்தோடு குனிந்து கூட்டிக்கொண்டிருந்தான். மூலை மூலையாகக் கூட்டினான். பட்டது போதும் என்கிற கூட்டல்.

அவள் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். பனியன் நனைந்திருந்தது. அந்தக் கண்கள்... இன்றைக்கும் தூங்கியிருக்கவில்லை.

"வண்டி நிக்குது மேடம், நகரல. எழுதிக்குங்க." இரும்புப் பெட்டிக்குள் அவன் குரல் இரண்டாகக் கேட்டது.

மேகலா கவரை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

"பிச்சை இல்ல. பொட்டு வெச்சது எங்கம்மா."

அவன் துடைப்பத்தைக் கீழே வைத்தான். பெட்டி ஓரத்துக்கு வந்து, ஷெட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மறுபடி ஷெட்டை.

"மலரத்த... உங்கம்மாவா?"

"ம்."

"மூக்கு அப்படியே இருக்கு." மெதுவாகச் சிரித்தான். "நான்தான் கவனிக்கல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் காசு அவன் தலையிலிருந்து இறங்கியிருக்குமே.

அவன் பெட்டி விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். கொள்ளிடத்துப் பக்கம் செங்கல் சூளையில் அவன் அம்மா கல் சுமந்தவள். தூக்கும்போது உடைகிற கல்லுக்கெல்லாம் கூலியில் பிடிப்பார்கள். சனிக்கிழமை சனிக்கிழமை, உடைந்த கல்லைத் தட்டில் வைத்து எண்ணிக் காட்டிவிட்டுப் பிடிப்பார்கள். இதை அவன் வருத்தமாகச் சொல்லவில்லை. வானம் மூடியிருக்கிறது என்பது போலச் சொன்னான்.

"எங்கம்மா கல்ல ஒடச்சா. உங்கம்மா பொட்டு வெச்சாங்க. எதுக்குங்க கூலில பிடிக்கணும்? எனக்குச் சின்ன வயசு, அன்னிக்கு யாரும் குறுக்க நிக்கல. இப்ப நிக்க முடிஞ்சிது, நின்னேன்."

மேகலா மூக்கை உறிஞ்சினாள். விஜயதசமி அன்று பூட்டிய யார்டைத் தான் கவனிக்காததையும் சொன்னாள். தப்பு என்னுது, எழுதினது என் கை, கூரைக்கு வெச்சிருந்த காசு, மரியாதையா வாங்கிக்குங்க என்றாள்.

"பாதிக் கூரைக்கு ஷீட்டு போட்டாச்சு. நீங்க சண்ட போட்டு வாங்கிக் குடுத்த காசுல. அம்மா அந்தப் பக்கம் நனையாமப் படுத்துக்குது."

"மீதிப் பாதி?"

"மீதில தார்ப்பாய்." அவன் தலையைச் சொறிந்தான். துடைப்பத்தை எடுத்தான், வைத்தான். "எந்தப் பக்கம் ஒழுகுதுன்னு... நீங்க ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லுங்க. மலரத்தயையும் கூட்டிக்கிட்டு. அப்ப வாங்கிக்கிறேன்."

மேகலாவுக்குப் புரிந்தது. காது மடல் சூடானது. ஆனால் அவள் பம்பாயோடு சண்டை போட்டவள். சும்மா விடுவாளா?

"சுத்தி வளைக்காதீங்க. நேரா சொல்லுங்க. பிடிச்சிருக்கா?"

ஷெட்டில் டக் டக் சத்தம் சட்டென்று நின்றிருந்தது. இருவரும் கவனிக்கவில்லை.

"வண்டி நகருதா நிக்குதான்னு நாலு மாசமா டெய்லி கேக்குறீங்க," என்றான் அவன், அவளைப் பார்க்காமல். "நகர்ந்துக்கிட்டிருந்தாலும், நீங்க கூப்பிட்டா ஓரங்கட்டி நிறுத்திட்டுத்தான் நகருதுன்னு சொல்லுவேன். கோபத்துல எடுக்காம இருந்தேன் பாருங்க... அந்த நாளெல்லாம் ரோடே முடியல. பிடிச்சிருக்குங்க. குரலத்தான் மொதல்ல பிடிச்சிது. கொடத் தண்ணி அதுக்கப்புறம்தான்."

"எனக்கும்," என்றாள் மேகலா. அவ்வளவுதான் வந்தது. அது போதுமாகவும் இருந்தது.

பின்னால் காலடி. அம்மா நின்றிருந்தாள். கையில் பெருமாள் கோயில் குங்குமப் பொட்டலம். காலையிலிருந்து முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்குத் தெரியாது தம்பி. நல்லதுன்னு நெனச்சி வெச்சேன். உன் சோத்துல கை வெச்சிட்டேன்."

அவன் கீழே குதித்தான். சேறு தெறித்தது. அவளுக்கு முன்னால் வந்து, தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டினான்.

"இங்க வையிங்கத்த. இதுக்கு யார்டுல காசு கேக்க மாட்டாங்க."

ரேகையில்லாத அந்தக் கறுத்த விரல் பொட்டு வைத்தது. ஷெட்டிலிருந்து பெரியம்மாள், இன்னும் கொஞ்சம் பெருசா வையி மலரு என்று குரல் கொடுத்தாள். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். மேகலா கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அவன் வாங்காததில் அவளுக்கு வருத்தம் இல்லை.

மத்தியானம் வண்டி கிளம்பியது. உள்ளே ஒரு தூசி இல்லாத பெட்டி, முன் கண்ணாடியில் ஆயுதபூஜைப் பொட்டு, டிரைவர் நெற்றியில் புதுப் பொட்டு. வி.கைகாட்டி தாண்டும் முன்பே அவள் போன் போட்டாள். நகருதா நிக்குதா என்று கேட்டாள். கேட்க வேறொன்றும் இல்லை.

தை பிறந்ததும் மலர்க்கொடியும் மகளும் திருமழபாடிக்குப் போவதாகப் பேச்சு. அதுவரைக்கும் மீதிக் கூரையில் தார்ப்பாய்தான். அருள்முருகனுக்கு மேகலா தர வேண்டியது ஆறாயிரம் ரூபாய். இன்னும் தரவில்லை.